நீட்டில் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்கு யார் வழி சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீட் முடிவு வந்த மறுநாள் தங்கள் மதுரைப் பதிப்பில் அதிக மதிப்பெண் எடுத்த மாணவர்களின் படங்களை ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். அந்தப் பிள்ளைகளின் உழைப்புக்கு அது தகும். அதே பதிப்பின் உள்பக்கத்தில், ‘நீட் பாஸா? எம்.பி.பி.எஸ். சீட் உறுதி’ என்று செல்போன் எண்ணோடு ஒரு விளம்பரமும் வந்திருந்தது. அந்த எண்ணுக்குப் பேசிய ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

உசிலம்பட்டிப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்றும் ஜூன் மாதம் பிறந்தால் மதிப்பெண் அட்டையைக் கையில் பிடித்தபடி பெற்றோர் வீடு தேடி வருகிறார்கள். 720-க்கு 600 எடுத்த பிள்ளையின் வீட்டார் வருவதில்லை, அவர்களுக்கு வழி தெரியும். வருகிறவர்கள் எல்லாம் 120, 180, 230 எடுத்த பிள்ளைகளின் தாய் தகப்பன்மார். அட்டையில் ‘தகுதி பெற்றார்’ என்று இருக்கிறது. பத்தாம் வகுப்பில் 35 எடுத்தால் பாஸ், பாஸானால் பதினொன்றாம் வகுப்பு என்று பழகியவர்கள் அவர்கள். நீட்டில் பாஸாகியும் சீட் இல்லை என்றால் இடையில் யாரோ அமுக்கிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். “கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் கிடைக்குமாமே டீச்சர்” என்று ஒரு தகப்பனார் என்னிடமே கேட்டார்.

கணக்கைப் பார்த்தாலே விஷயம் புரியும். 2025 நீட்டில் தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 144, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 113. எழுதிய 22 லட்சம் பேரில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைத் தாண்டினார்கள். நாடு முழுக்க அரசு, தனியார் எல்லாம் சேர்த்து எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 1.2 முதல் 1.3 லட்சம்தான். தகுதி பெற்ற பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இடம். அதிலும் தனியார் இடத்துக்கு ஆண்டுக்குப் பல லட்சம் கட்ட வேண்டும். இதை முடிவு வந்த அன்றே பெற்றோருக்கு யாராவது எடுத்துச் சொன்னால் பாதி ஏமாற்று நின்றுவிடும்.

இப்படி விளம்பரம் கொடுக்கும் தரகர்கள் சொல்வது மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீடு. அந்த இடங்களும் கலந்தாய்வு வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டை மாநிலத் தேர்வுக் குழுவும், நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களை மத்தியக் கலந்தாய்வுக் குழுவும் தரவரிசைப்படியே ஒதுக்குகின்றன. கல்லூரி நேரடியாகச் சேர்த்துக்கொள்ள முடியாது. தரகர் கையில் கொடுக்கும் முன்பணத்துக்கு அங்கே வேலையே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் புஞ்சையை விற்று முன்பணம் கொடுத்தது. கலந்தாய்வு முடிந்த பிறகு அந்த ஆளின் போன் எடுக்கப்படவே இல்லை. கேவலம் என்று அவர்கள் காவல் நிலையத்துக்கும் போகவில்லை.

மதிப்பெண்ணை எப்படிப் பார்ப்பது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. “பக்கத்து வீட்டு அண்ணன் 500 எடுத்தும் கிடைக்கலையே, உனக்கு 450-க்கு எப்படிக் கிடைக்கும்” என்று சொல்லியே சில பிள்ளைகளை விண்ணப்பிக்கவிடாமல் செய்துவிடுகிறார்கள். 2024-ல் திருத்திய முடிவின்படியே 17 பேர் 720-க்கு 720. 2025-ல் இயற்பியல் வினாக்கள் மிகக் கடினம், முதலிடமே 686 தான். ஓராண்டு மதிப்பெண்ணை மறு ஆண்டோடு ஒப்பிடவே கூடாது. பார்க்க வேண்டியது தரவரிசை எண்ணையும், நம் சாதிப் பிரிவில் போன ஆண்டு எந்த எண்ணோடு இடம் முடிந்தது என்பதையும்தான்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே மாறிவிடும். 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி மாணவர்கள் தங்களுக்குள் மட்டுமே போட்டியிடுகிறார்கள். பொதுப் பட்டியலில் நினைத்துப் பார்க்க முடியாத மதிப்பெண்ணுக்கு இதில் இடம் பெற்றுப் படிக்கும் பிள்ளைகள் எங்கள் வட்டாரத்திலேயே உண்டு. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், மாநகராட்சிப் பள்ளிகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. மதுரையில் உதவி பெறும் பள்ளிகள் எத்தனை என்று தங்களுக்கே தெரியும். அங்கே படிப்பதும் இதே ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான், அவர்களை விட்டது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. இன்னொன்று, ஒன்பதாம் வகுப்பில் “கொஞ்சம் இங்கிலீஷ் வரட்டும்” என்று மெட்ரிக் பள்ளிக்கு மாற்றிவிட்டுப் பிளஸ் ஒன்னுக்குத் திரும்பக் கூட்டி வருகிறார்கள். அந்த இரண்டு வருஷத்தில் 7.5 போய்விட்டது என்பது நீட் எழுதிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிகிறது. இதை ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே ஒவ்வொரு தலைமையாசிரியரும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

மறுபடி எழுதலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் மொத்த மதிப்பெண்ணைக் கேட்பதில்லை, பாடவாரியாகக் கேட்பேன். 180 வினாவில் 90 உயிரியல். இயற்பியல், வேதியியல் 45, 45. உயிரியலில் நன்றாக வாங்கி, இயற்பியலில் குருட்டாம்போக்கில் குறித்துத் தவறுக்கு ஒன்று ஒன்றாக இழந்த பிள்ளை ஒரு வருஷம் உட்கார்ந்தால் மேலே வரும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான். உயிரியலே எழவில்லை என்றாலும், இரண்டாம் முறையும் மதிப்பெண் அசையவில்லை என்றாலும் நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். மேல் வயது வரம்பும் இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது பயிற்சி மையங்களுக்கு வசதி. நான்காம் முறை எழுதும் பெண் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் விலை தெரியும்.

பிளஸ் டூவைக் கைவிடுவதும் பெரிய கேடு. எம்.பி.பி.எஸ். தரவரிசைக்கு அந்த மதிப்பெண் சேராது என்பதால், இயற்பியல், வேதியியல், உயிரியலில் தேவையான குறைந்தபட்சச் சதவீதம் வந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நீட்டும் கைகொடுக்காதபோது மிஞ்சுவது அந்த மதிப்பெண்தான். தேனி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும், மதுரை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த செவிலியர், பார்மசி படிப்புகளுக்கும் இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் மாநில இடங்கள் நிரம்பி வந்திருக்கின்றன. எம்.பி.பி.எஸ். கிடைக்காத மதிப்பெண்ணோடு நீட் தகுதி மட்டும் இருப்பவர்களுக்குத் திருமங்கலத்தில் அரசு ஓமியோபதிக் கல்லூரியும் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கடைசித் தேதி. எம்.பி.பி.எஸ். பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்து மற்றதையெல்லாம் தவறவிட்ட பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நர்சிங் என்றால் இளப்பம் என்று நினைக்கும் வீட்டார், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை வார்டில் ஒரு இரவு இருந்து பார்க்கட்டும்.

வெளிநாட்டுப் படிப்பையும் இதே தரகர்கள்தான் விற்கிறார்கள். அதற்கும் நீட் தகுதி கட்டாயம். குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே ஓராண்டு பயிற்சி, திரும்பி வந்து 300 மதிப்பெண் தகுதித் தேர்வில் 150 எடுக்க வேண்டும், பிறகு இங்கும் ஓராண்டு பயிற்சி. அந்தத் தேர்வில் தோற்பவர்களே அதிகம். வீட்டை அடமானம் வைக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

நீட்டே வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். சட்டமன்றம் 2021-ல் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்த செய்தி 2025 ஏப்ரலில் வந்தபோது மனம் மிகவும் நொந்தது. அந்தப் போராட்டம் நடக்கட்டும். அதுவரை ஆண்டுதோறும் பிள்ளைகள் எழுதிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

தங்களிடம் கேட்பது இதுதான். ‘சீட் உறுதி’ விளம்பரங்களைத் தயவுசெய்து வாங்காதீர்கள். முதலிடம் பெற்றவர்களுக்கு ஒரு பக்கம் கொடுப்பதுபோல இன்னொரு பக்கம் கொடுங்கள். மதுரை, தேனி, சிவகங்கை, விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் போன ஆண்டு ஒவ்வொரு பிரிவிலும் கடைசி இடம் எந்தத் தரவரிசையோடு முடிந்தது, 7.5-ல் எங்கே முடிந்தது, மற்றப் படிப்புகளுக்கு எப்போது எங்கே விண்ணப்பிப்பது என்று அதில் அச்சிடுங்கள். பள்ளிக் கல்வித் துறையும் ஜூன், ஜூலையில் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஓர் ஆசிரியரையாவது இதற்கென்றே உட்கார வைக்க வேண்டும். அப்படி அமர்த்தினால் சம்பளம் இல்லாமல் உடன் உட்கார நான் தயார். அந்தப் பக்கம் முடிவு வந்த வாரத்திலேயே வர வேண்டும். ஆகஸ்டில் வந்தால் முன்பணம் கைமாறியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை ஆசிரியை,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.