நிர்வாகி செய்தது மட்டும் பதிவில் இல்லை: வாக்கெடுப்புச் செயலி நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
செயலாளர்,
சிறு தேயிலை விவசாயிகள் குழு,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தங்கள் வாக்கெடுப்புச் செயலியின் நிர்வாக வசதிகள், தணிக்கைப் பதிவு ஆகியவற்றில் உள்ள குறைகள் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் குழுவில் பெரும்பாலும் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் தேயிலைக்காரர்கள்தான். கோத்தகிரியைச் சுற்றிப் பல ஊர்களில் இருக்கிறோம். கூட்டம் போட்டால் கடைசி பஸ்ஸுக்குள் முடித்தாக வேண்டும், அதில் பாதிப் பேர் பேசவே முடியாது. போனிலேயே விவாதித்து வாக்களிக்கலாம், யார், எப்போது, என்ன செய்தார் என்று காட்டும் முழுமையான தணிக்கைப் பதிவு எல்லாவற்றுக்கும் இருக்கும் என்று உங்கள் விற்பனைப் பிரிவினர் சொன்னதை நம்பித்தான் ஆண்டுச் சந்தா கட்டினோம்.

பச்சைத் தேயிலையை இனி எந்த ஃபேக்டரிக்குக் கொடுப்பது என்று சமீபத்தில் வாக்கெடுப்பு வைத்தோம். பறித்த இலையை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது, அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். அதனால் இது எங்களுக்கு வருமானப் பிரச்சினை. மாலை 5 மணிக்கு வாக்கெடுப்பு முடியும் என்று அறிவித்திருந்தோம். அந்த நேரத்தில் பழைய ஃபேக்டரிதான் முன்னால் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் புதியது ஜெயித்திருக்கிறது. முடிவு நேரத்தை யாரோ இரவு வரை நீட்டியிருக்கிறார்கள்.

யார் என்று பதிவைத் திறந்தால், "அமைப்பு மாற்றப்பட்டது: நிர்வாகி" என்று ஒரே ஒரு வரி. எங்களுக்கு நிர்வாகிகள் மூன்று பேர். மாற்றியது அதில் யார், முன்பு என்ன நேரம் இருந்தது, பிறகு என்ன வைத்தார், என்ன காரணம் என்று எதுவும் இல்லை. சாதாரண உறுப்பினர் எந்த நிமிடம் எந்தப் போனில் செயலியைத் திறந்தார் என்பது மட்டும் வரிவரியாக இருக்கிறது. எந்த அதிகாரமும் இல்லாதவர் மீது இவ்வளவு கண் எதற்கு? இப்போது அந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுவதில்லை. இரண்டு பேர் நிச்சயம் நிரபராதிகள். அதை நிரூபிக்க உங்கள் செயலியில் வழியே இல்லை.

இதைவிட மோசம், வாக்கெடுப்பு நடக்கும்போதே நிர்வாகிக்கு நிலவரம் தெரிகிறது. எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே கடைசி நேரத்தைத் தள்ளிப்போட முடிகிறது என்றால் வாக்கெடுப்பு எதற்கு? பெரிய கம்பெனிகளின் மின்வாக்குப்பதிவுக்கு, கம்பெனிகள் (மேலாண்மை மற்றும் நிர்வாகம்) விதிகள், 2014-இல் 20-ஆவது விதி இருக்கிறது. கம்பெனி ஊழியர் அல்லாத இரண்டு சாட்சிகள் முன்னால்தான் வாக்கு ஆய்வாளர் அந்த வாக்குகளைத் திறக்க வேண்டும். எங்களைப் போன்ற குழுவுக்கு அந்த விதி பொருந்தாது, தெரியும். ஆனால் செயலியை வடிவமைத்தவர்கள் அதை ஒரு தடவையாவது படித்திருக்கலாம்.

அப்புறம் நேரக் கணக்கு. பதிவு முழுக்க உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. நம் மாலை 5 மணி அதில் 11:30 என்று வருகிறது. "காலை பதினொன்றரைக்கே மூட வேண்டியதை ராத்திரி வரை திறந்து வைத்திருந்தார்கள்" என்று ஒரு பெரியவர் போட்ட சத்தத்தை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மேலும், மழை நாளில் எங்கள் பக்கம் சிக்னல் போய்விடும். மதியம் அழுத்திய வாக்கு இரவில்தான் உங்கள் சர்வருக்கு வந்து சேரும். பதிவில் வந்து சேர்ந்த நேரம் மட்டுமே இருக்கிறது, அழுத்திய நேரம் இல்லை. எது கணக்கு?

ரகசிய வாக்கும் ரகசியமாக இல்லை. ஒரு கோப்பில் பெயரும் வாக்களித்த நேரமும், இன்னொரு கோப்பில் தேர்வும் அதே நேரமும். இரண்டையும் நேர வரிசைப்படி அடுக்கினால் யார் எதற்குப் போட்டார் என்பது வெட்டவெளிச்சம். போதாக்குறைக்கு, அந்தக் கோப்பை எக்ஸெலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் குப்பை எழுத்தாக வருகின்றன.

இதையெல்லாம் எழுதிக் கேட்டதற்கு, "வடிவமைப்பின்படியே இயங்குகிறது" என்று உங்கள் பதில் வந்தது. எங்கள் ஊரில் இலை எடை போடும் நோட்டில் ஒரு எண் தப்பானால், அதன் மேல் கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, திருத்தியவர் கையெழுத்துப் போடுவார். பழைய எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். இந்த அளவுக்காவது உங்கள் பதிவு இருக்கக் கூடாதா?

எங்கள் கோரிக்கை இதுதான். குறிப்பிட்ட அந்த வாக்கெடுப்பின் முழு சர்வர் பதிவையும், நேரத்தை மாற்றிய நிர்வாகியின் அடையாளத்தோடு, எங்கள் குழுவுக்குத் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவோடு தரும் சான்றிதழில் அதன் ஹாஷ் மதிப்பையும் (பதிவில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) கேட்கிறது. ஆகவே அந்த மதிப்போடு தர வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் யாராவது ஒரு வரியைத் திருத்தினார்கள் என்ற சண்டை மறுபடி கிளம்பும். இனி நடக்கும் வாக்கெடுப்புகளில் முடிவு நேரத்தை மாற்ற இரண்டு நிர்வாகிகளின் ஒப்புதல் வேண்டும், மாற்றிய தகவல் எல்லா உறுப்பினருக்கும் உடனே போக வேண்டும். இவற்றைச் செய்ய முடியாது என்றால் மீதமுள்ள மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தாருங்கள்.

15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம்.

இப்படிக்கு,
செயலாளர்

இடம்: கோத்தகிரி
இணைப்பு: சந்தா ரசீது நகல், தணிக்கைப் பதிவின் அச்சுப் பிரதி, தங்கள் பதில் மின்னஞ்சலின் நகல்.