தாளவாடி மலையின் இருமொழிப் பள்ளிகள்: தொடக்கக் கல்வி இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு மாவட்டம் தாளவாடி மலைப்பகுதியில் கன்னட வழியும் தமிழ் வழியும் ஒரே வளாகத்தில் நடக்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றியது இம்மடல். அப்பள்ளிகளின் ஆசிரியர் பணியிடங்களை, மொத்தப் பிள்ளைகளை எண்ணி முடிவு செய்யாமல், ஒவ்வொரு பயிற்றுமொழிக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மொழிவழி திருத்தப்பட்டபோது, கோவை மாவட்டத்திலிருந்த கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. தாளவாடியோ, கன்னடம் பேசும் குடும்பங்கள் நிறைந்திருந்தும், சென்னை மாநிலத்திலேயே நின்றது. அதே ஆண்டு ஏழாம் திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் சேர்ந்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்குப் போதிய வசதிகளைச் செய்துதர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. இருமொழிப் பள்ளி என்பது இங்கே எவரும் கேட்டுப் பெற்ற சலுகையன்று. எல்லைக்கோட்டோடு வந்த கடமை. (காட்டோரச் சிற்றூர்களின் சோளகர், ஊராளிப் பழங்குடிக் குழந்தைகளுடைய வீட்டுப்பேச்சு இவ்விரு பாடநூல் மொழிகளிலிருந்தும் வேறுபட்டது. அவர்களுக்காகத் தனியே ஒரு மடல் எழுத வேண்டும்.)

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்து அட்டவணை, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்கிறது. பயிற்றுமொழி பற்றி அது பேசவில்லை. கன்னட வழியில் 25 பேரும் தமிழ் வழியில் 25 பேரும் படிக்கும் ஒரு பள்ளியை எண்ணிப் பாருங்கள். விதிப்படி இருவர் போதும். ஆனால் வழிக்கு ஒருவராகப் பிரிந்ததும், ஒன்று முதல் ஐந்து வரையுள்ள எல்லா வகுப்புகளையும் எல்லாப் பாடங்களையும் ஒவ்வொருவரும் தனியாளாகச் சுமக்க நேர்கிறது. ஒருவர் விடுப்பிலோ பயிற்சிக்கோ சென்றால் அன்று ஒரு மொழிவழியே நின்றுவிடுகிறது. சமவெளியில் பக்கத்து ஊரிலிருந்து மாற்று ஆசிரியரை அனுப்பலாம். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கன்னடத்தில் பாடம் நடத்தத் தெரிந்த ஒருவர் அன்று காலையே வந்து சேர்வது எளிதன்று. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி கன்னட வழிப் பிள்ளைகளும் தமிழ் படிக்க வேண்டும். அது நியாயம் என்றே கருதுகிறேன். இந்த மாநிலத்தில் வாழப்போகும் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும். ஆனால் அதைக் கற்பிக்க ஆள் வேண்டுமல்லவா?

கட்டட வசதியும் இந்தக் கணக்கிலேயே சிக்கியிருக்கிறது. ஆசிரியர் ஒருவருக்கு ஓர் அறை என்பதே சட்டத்தின் குறைந்தபட்ச அளவு. ஆசிரியர் குறைந்தால் அறையும் குறைகிறது. குடிநீர், கழிப்பறை, சமையற்கூடம் ஆகியவற்றில் மொழி குறுக்கிடுவதில்லை, நூலகத்தில் குறுக்கிடுகிறது. கன்னடக் கதைப் புத்தகங்கள் இல்லாத அலமாரி, பாதிப் பிள்ளைகளுக்கு மூடிய அலமாரிதான்.

இரு மொழிகளையும் ஒரே பள்ளியின் வலிமையாக்க முடியும் என்பதற்கு அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள கோரல் வே பள்ளி சான்று. 1936இல் திறக்கப்பட்ட அந்தப் பொதுப்பள்ளியில், கியூபாவிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் பெருகிய நிலையில், 1963இல் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியோடு இருமொழித் திட்டம் தொடங்கியது. பாதி நாள் ஆங்கிலத்திலும் பாதி நாள் ஸ்பானியத்திலும் பாடம் நடந்தது. ஓவியம், இசை, உடற்பயிற்சி ஆகியவற்றில் இரு மொழிகளின் பிள்ளைகளும் கலந்தார்கள். இரு மொழி ஆசிரியர்களும் சேர்ந்து பாடத்தைத் திட்டமிட்டார்கள். ஆசிரியர்கள் போதிய அளவில் இருந்ததால்தான் அது நடந்தது. நம் பள்ளிகளிலோ முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே ஒரே பந்தியில் அமர்கிறார்கள். விளையாட்டு, பாட்டு, கைவேலை ஆகியவற்றையும் சேர்த்து நடத்தினால், தமிழும் கன்னடமும் அவர்களுக்குள் தாமாகவே கைமாறும்.

ஆகஸ்ட் 1ஆம் நாள் நிலவரப்படி நடக்கும் ஆசிரியர் பணியிட நிர்ணயத்துக்கு முன்பாக, இரு பயிற்றுமொழிப் பள்ளிகளில் வழிக்குக் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் என்று தனி அறிவுரை வழங்குமாறும், அதற்கேற்ப அறைகளையும் இரு மொழி நூல்களையும் ஒதுக்குமாறும் வேண்டுகிறேன். தெலுங்கும் கன்னடமும் தமிழோடு கலந்து ஒலிக்கும் ஓசூர்ப் பகுதியில் இரு வழிகளும் சேர்ந்து நடக்கும் பள்ளிகளுக்கும் இவ்வறிவுரை பொருந்தும்.

தங்கள் உண்மையுள்ள,
எல்லைப்பகுதிப் பள்ளிகளில் அக்கறை கொண்ட ஒரு குடிமகன்