தண்ணீரை மட்டும் யாரிடமும் விடாதே

ஆடுதுறை,
ஆடி 20

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மொபைலில் தட்டி அனுப்பிவிடுகிறேன் என்று தம்பி சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன், தபாலிலேயே போடப்போகிறேன். பத்து நாளோ பதினைந்து நாளோ ஆகட்டும்.

முந்தாநாள் பதினெட்டாம் பெருக்கு. ஆற்றில் தண்ணீர் நன்றாகவே போகிறது. சித்ரான்னம் கட்டிக்கொண்டு பெரியத்தை வீட்டாரோடு போய் முளைப்பாரி விட்டுவிட்டு வந்தோம். உன் முளைப்பாரிக் கதையை இந்த வருஷமும் பெரியத்தை ஆரம்பித்தாள். இருட்டறையில் மூடி வைத்திருந்ததில் ஒரு சட்டியை மட்டும் நீ மொட்டை மாடிக்குத் தூக்கிப்போனதும், அது பச்சையாகிவிட்டதும், பாட்டி உன்னை வீடு முழுக்கத் துரத்தியதும்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உன் கேள்விதான் ஞாபகம் வந்தது. "பச்சை ஆனது சரிம்மா, இருட்டில் இருந்தது மட்டும் ஏன் இவ்வளவு உயரம்?" அறிவியல் டீச்சர் நான். பச்சையம், ஒளிச்சேர்க்கை என்று பாடப் புத்தகத்தை ஒப்பித்துவிட்டு, போய்ப் படி என்று அனுப்பிவிட்டேன். பல வருஷம் கழித்து நீதான் போனில் எனக்குப் பதில் சொன்னாய். இருட்டில் இருக்கும் முளை தான் இன்னும் மண்ணுக்குள் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு, விதையில் இருந்த சேமிப்பையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவழிக்குமாம். வெளிச்சம் பட்டால்தான் நீளுவதை விட்டுவிட்டு இலையை விரிக்குமாம். சாப்பாடு கட்டிய இலையை மடித்துக்கொண்டே இதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் படுக்காதே. ஒரு கை அரிசி போட்டால் சோறு ஆகிவிடும்.

வைகாசியிலிருந்து நீ கேமராவைப் போடுவதில்லை. நெட் சரியில்லை என்கிறாய், சரி. செப்டம்பரில் என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. போன வருஷம் நீயே சொன்னதுதான், மூன்று வருஷ ஆராய்ச்சி வேலை, செப்டம்பரோடு முடியும், அதற்குள் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்துவிட்டால் வேறு இடம் கிடைக்கும் என்று. அது வந்ததா, வரவில்லையா, ஒன்றும் கேட்கமாட்டேன். சின்ன மாமா கேட்டார். அவளுக்கென்ன, அங்கேயே இருப்பாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ வேறு ஏதாவது சொல்வதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல், அவருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

பெருமைக்குக் குறைச்சல் இல்லை. போன மாதம் பள்ளிக்கூடத்தில் பழைய ஆசிரியர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குத் தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாள் பற்றிச் சொன்னேன். தலைச்சேரியில் பிறந்து, மெட்ராஸில் படித்து, கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்தில் கரும்பையும் புல்லையும் கலந்து பார்த்த மனுஷி, 1940-இல் குண்டு விழுந்துகொண்டிருந்த லண்டன் பக்கம் ஜான் இன்னஸ் செடி ஆராய்ச்சி நிலையத்தில் போய்ச் சேர்ந்தாள். அதே நிலையம் 1967-இல் இங்கிலாந்திலேயே நாரிச் என்ற ஊருக்கு இடம் மாறியது. என் பெண் இப்போது அந்த ஊரில்தான் இருக்கிறாள் என்று முடித்தேன். ஒரு பெண் எழுந்து, "அவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா டீச்சர்?" என்றாள். இல்லை என்றேன். யாரைக் கேட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஜானகி அம்மாள் பண்ணிக்கொள்ளவில்லை, அது உண்மை. மேலே கேட்டுவிடுவாளோ என்று உட்கார்ந்துவிட்டேன்.

2019-இல் அங்கே வந்தபோது செடி வளர்க்கும் அறையைக் காட்டினாயே. வெளியே மழை. உள்ளே டியூப் லைட்தான் சூரியன், பதினாறு மணி நேரம் பகல், எட்டு மணி நேரம் ராத்திரி. அடுத்த அறையில் ஃப்ரிட்ஜ் மாதிரி குளிர். தட்டுத் தட்டாக அரபிடாப்சிஸ். பெயர்தான் பெரிசு, பார்த்தால் கீரைப் பாத்தியில் பிடுங்கிப் போடுகிற களை. விதை பொடிமண் மாதிரி இருந்தது, ஈரக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்தாய். இதற்கா என் பெண் கடல் தாண்டி வந்தாள் என்று அன்று நினைத்தேன், இன்று ஒத்துக்கொள்கிறேன். நீ கோபித்துக்கொள்ளாமல் சொன்னாய். கடுகுக் குடும்பத்துச் செடி, ஆறு வாரத்தில் விதையிலிருந்து விதை வந்துவிடும், மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்து முடித்த முதல் செடி இதுதான், 2000-இல். நெல்லில் ஒரு வருஷம் ஆகிற கேள்விக்கு இதில் ஒரு பருவத்தில் பதில் தெரிந்துவிடும் என்றாய்.

அப்புறம் குளிர் ஞாபகத்தைப் பற்றிச் சொன்னாய். இங்கே நான் எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? பூக்காதே, பூக்காதே என்று செடியை அதட்டி வைத்திருக்கும் ஒரு மரபணு. குளிர் வாரக்கணக்கில் நீடித்தால் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாயடைத்துப் போகும். வெயில் வந்த பிறகும் திறக்காது. அதனால்தான் அந்தச் செடி நடுக்குளிரில் பூத்து மாட்டிக்கொள்ளாமல் வசந்தத்துக்குக் காத்திருக்கிறது. விதைக்குப் போனதும் அந்த ஞாபகம் அழிந்து மறுபடி அதட்ட ஆரம்பிக்குமாம். "நம் பழைய சம்பாவுக்கு?" என்று கேட்டேன். அதற்குக் குளிர் கணக்கில்லை அம்மா, பகல் சுருங்குவதுதான் கணக்கு என்றாய். உன் தாத்தாவுக்கு அது தெரியும். எப்போது விதைத்தாலும் தைக்குத்தான் வருமென்பார். ஏன் என்றுதான் தெரியாது.

எதற்கோ ஆரம்பித்து எங்கோ போய்விட்டேன். சொல்ல வந்தது தண்ணீர் விஷயம். சனி ஞாயிறு நீ இல்லாதபோது உன் தட்டுகளுக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள்? கூட வேலை பார்க்கிறவர்கள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறாய். நல்ல பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். இருந்தாலும் தண்ணீரை மட்டும் யாரிடமும் விடாதே. ஊற்றினேன் என்று சொன்னால் நம்பாதே, மண்ணில் விரலை விட்டுப் பார். குளிர் அறையின் கதவையும் பார், யாராவது திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள்.

இதை ஏன் இப்படித் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன் என்றால், சித்திரையில் ஒரு நாள் ராத்திரி உன் சோதனையைப் பற்றி நீ சொன்னாய்: "மூணாவது தடவையும் வரலைம்மா. என் கையிலதான் ஏதோ கோளாறு." அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கோளாறு என்று நீ முதலில் சொன்னது இப்போது இல்லை. 2011-இல்.

எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டுக்கு மொட்டை மாடியில் நாற்பது சட்டி நெல் வைத்திருந்தாய். இடது வரிசை இருபதுக்குத் தினம் தண்ணீர், வலது வரிசை இருபதுக்கு நிறுத்தம். ஐந்து நாள் பயிற்சிக்குக் கோயம்புத்தூர் போனபோது அடுப்பங்கரைச் சுவரில் காகிதம் ஒட்டிவிட்டுப் போனாய்: "இடது வரிசை மட்டும். காலையில் ஒரு மக். மறக்காதே அம்மா."

மறக்கவில்லை. நான் வீட்டிலேயே இல்லை. சேலத்தில் ஒரு பையன் வீட்டைப் பார்க்கப் போனேன். படிப்பு முடிகிற வரை இந்தப் பேச்சே வேண்டாம் என்று நீ சத்தியம் வாங்கியிருந்தாய், அதனால் உனக்குச் சொல்லவில்லை. தம்பியைப் பாட்டி வீட்டில் விட்டேன். பக்கத்து வீட்டில் தண்ணீர் ஊற்றச் சொன்னால் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள், அது உன் காதுக்கு வரும் என்று அவர்களிடமும் சொல்லவில்லை. ஒரு நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். அவர்கள் இருங்கள் இருங்கள் என்றார்கள். மூன்று நாள் ஆகிவிட்டது. கத்திரி வெயில்.

வந்து மாடிக்கு ஏறினால் இடது வரிசை முழுக்க இலை ஊசி மாதிரி சுருண்டிருக்கிறது. வலது வரிசைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. மக் மக்காக ஊற்றினேன். பொழுது சாய்வதற்குள் இலை விரிந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது. மறுநாள் காலை நீ ஐஸ் பெட்டியோடு வந்தாய், "எல்லாம் ஊத்தினியாம்மா?" என்றாய். "ஊத்தினேன்" என்றேன். இலையை வெட்டி எடுத்துக்கொண்டு போனாய்.

இலை விரிந்தால் சரியாகிவிட்டது என்று நினைத்தேன் பாப்பா. தண்ணீர் இல்லாமல் வாடுகிற செடிக்குள் புரோலின் என்று ஒன்று ஏறியிருக்கும், நீ அளந்தது அதைத்தான், அது உடனே இறங்காது என்று எனக்கு எங்கே தெரியும்? தண்ணீர் ஊற்றிய செடியிலும் ஊற்றாத செடியிலும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தது என்று நீ அழுதாய். கவனம் இல்லாதவர்களுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று உன் கைடு எல்லோர் முன்னாலும் கேட்டார். மறுபடி விதைத்தாய், ஆறு மாதம் போயிற்று, அந்த வருஷத்து உதவித்தொகை நேர்முகமும் போயிற்று. ரசாயனத்தை மாற்றிப் பார்த்தாய், தராசைச் சந்தேகப்பட்டாய், கடைசியில் உன் கையைச் சந்தேகப்பட்டாய். நான் பக்கத்திலேயே இருந்தேன், உனக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டு. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சேலம் விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். அந்த வரனும் அமையவில்லை, அது வேறு.

போன வாரம் பரணிலிருந்து உன் பழைய நோட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தில் அளவுகளுக்குக் கீழே சிவப்பு மையில் "ஏன்? என் தவறு?" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாய். அதற்குக் கீழே நான் பென்சிலில் எழுதினேன்: "இந்த மூன்று நாளும் இடது வரிசைக்குத் தண்ணீர் இல்லை. அம்மா ஊரில் இல்லை." கையெழுத்தும் போட்டேன். நோட்டை அனுப்பினால் கனமாகும் என்று அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். நோட்டில் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது என்று நீ சொல்வாய். தெரியும்.

இப்போது வராததற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது. அங்கே சேலம் போனவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் நீ கையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை கூட இருக்கிறவர்களைக் கேட்டுவிடு. மெதுவாகக் கேள், அதட்டாதே. அதட்டினால் என்னைப் போலத்தான் பதில் சொல்வார்கள்.

செப்டம்பருக்கு அப்புறம் இங்கே வருவதாக இருந்தாலும் வா. மாடி அறைக்கு வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன். எதற்கும் இல்லை, சுவர் உரிந்திருந்தது, அடித்தேன்.

இதைப் படித்ததும் போன் செய்து திட்டு. கேமராவைப் போட்டுவிட்டுத் திட்டு.

அம்மா