உன் லிஸ்ட்ட கூட்டிப் பாத்தேன் கண்ணு

கண்ணு, நேத்து நீ அனுப்புன அந்த டைம்டேபிள் போட்டோவ பெருசு பண்ணிப் பண்ணி ராத்திரி முழுக்க பாத்துட்டு இருந்தேன். காலைல 5:30ல இருந்து ராத்திரி 10:30 வரைக்கும் 17 மணி நேரம், அதுல நீ போட்டிருக்குற வேலையெல்லாம் ஒண்ணொண்ணா கூட்டிப் பாத்தா 16¾ மணி நேரம் வருது. மிச்சம் கால் மணி நேரம்தான், அதுக்குள்ள குளிக்கணும், சாப்பிடணும், பஸ்ஸுக்கு நிக்கணும், யாராவது நிறுத்தி ஒரு வார்த்தை பேசுனா பதில் சொல்லணும். ஒரு நாள் கூட லிஸ்ட்ட முடிக்க முடியலன்னு நீ அழுதியே, முடியாதும்மா, யாரால முடியும்? உன்கிட்ட ஒரு குறையும் இல்ல, அந்தக் கணக்குதான் தப்பு.

இது உனக்கு மட்டும் நடக்குற விஷயம் இல்ல. 1994ல கனடாவுல சில காலேஜ் பசங்ககிட்ட உங்க ஆய்வுக் கட்டுரைய எத்தனை நாள்ல முடிப்பீங்கன்னு கேட்டிருக்காங்க. சராசரியா 34 நாள்னாங்க. சரி, எல்லாமே தப்பாப் போனா எவ்ளோ ஆகும்னு கேட்டதுக்கு 48, 49 நாள் ஆகலாம்னாங்க. கடைசில ஆனது 55 நாளுக்கும் மேல. ரொம்ப மோசமா போனா இவ்ளோதான்னு நெனச்சதையும் தாண்டிடுச்சு பாரு. நம்ம மனசு ஒரு வேலைய யோசிக்கும்போது தடங்கலே இல்லாத ஒரு நாளைத்தான் யோசிக்குது, போன தடவை எவ்ளோ நேரம் ஆச்சுன்னு திரும்பிப் பாக்குறதே இல்ல.

அதனால ஒரு வாரம் புதுசா எந்த பிளானும் போடாத. ஒரு வேலைய ஆரம்பிக்கும்போது மணி என்ன, முடிக்கும்போது என்ன, அவ்ளோ மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி வை. ரிப்போர்ட்டுக்கு ஒரு மணி நேரம்னு நீ போட்டிருக்க, நிஜத்துல 1:40 ஆகுதுன்னா அடுத்த வாரம் 1:40ன்னே போடு, வேகமா செஞ்சிடலாம்னு குறைக்காத. அப்புறம் நாள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பாத. காலியா இருக்குற எடம் வீண் இல்லம்மா, திடீர்னு வர்ற வேலைக்கு அதான் எடம். ஒரு வேலைய பாதில விட்டு அடுத்ததுக்கு ஓடுனா மனசு கொஞ்ச நேரம் பழசுலயேதான் நிக்கும், அதுக்கும் சேத்துதான் நேரம் விடணும். தலை தெளிவா இருக்குற நேரத்துல கஷ்டமான ஒண்ணை வச்சுக்க, மெயில் பாக்குறதெல்லாம் சோர்ந்த நேரத்துக்குத் தள்ளு. யாராவது வேலை குடுத்தா உடனே சரின்னு சொல்லாம, பாத்துட்டு நாளைக்கு சொல்றேன்னு சொல்லு.

நான் வேலைக்குப் போய்ட்டு இருந்தப்ப ஒரு சின்ன டைரி வச்சிருந்தேன்ல, நீலக் கலர், நீ கூட பின்பக்கத்துல பூ வரைவியே. அத போன மாசம் எடுத்துப் பாத்தேன். "அம்மாவுக்குக் கண்ணாடி மாத்தணும்"னு ஒரு வரி. மறுநாளும் அதே வரி, அதுக்கு மறுநாளும், இப்டியே 23 நாள் ஒரே வரிய திரும்பத் திரும்ப எழுதியிருக்கேன். அந்த 23 நாளும் உங்க பாட்டி கண்ணாடிக் காம்புல வெள்ளை நூலைச் சுத்திக்கிட்டு, பேப்பர மூக்குகிட்ட வச்சுப் படிச்சிட்டு இருந்தாங்க. ஒரு தடவை கூட ஏன்டான்னு கேக்கல. ஒவ்வொரு நாளும் 14, 15 வேலை எழுதி வச்சிருந்தேன், எல்லாத்தையும் ஒரே மாதிரி முக்கியம்னு நெனச்சேன், அதுல எது நிஜமாவே முக்கியம்னு கண்ணுக்குத் தெரியவே இல்ல. இப்ப நெனச்சாலும் மனசு வலிக்குது. அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன், அட்வைஸ் பண்றேன்னு நெனைக்காத.

தினமும் மூணு வேலை போதும்மா. அது முடிஞ்சா அன்னிக்கு நாள் நல்லா போச்சுன்னு வச்சுக்க, மத்ததெல்லாம் நேரம் இருந்தா பாத்துக்கலாம். தூக்கத்துல மட்டும் கை வைக்காத, 7 மணி நேரம்னா 7 மணி நேரம்.

அப்புறம் அந்த லிஸ்ட்டுல ராத்திரி 10:20க்கு "அப்பாவுக்கு போன், 10 நிமிஷம்"னு இருந்ததைப் பாத்தேன். இந்த வாரம் அதை அடிச்சிடு கண்ணு, சீக்கிரம் படு. சனிக்கிழமை சாயங்காலம் நானே கூப்பிடுறேன்.

அப்பா