பாலத்துக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

அப்பா கைப்பட எழுதிய கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் போடாதது என் தப்புதான். விடிகாலை ஷிப்ட் முடிந்து வந்தால் படுக்கத்தான் தோன்றுகிறது.

சிங்கப்பூரில் பஸ் ஓட்டும் வேலை நன்றாகப் போகிறது. அறையில் இப்போது மூன்று பேர், பேச்சுத்துணைக்கு நல்லது. சோறு நாங்களே ஆக்குகிறோம். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி காலை நாலு மணிக்கே இருட்டில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பார். நான் படி இறங்கும்போது, "சுடா மக்கான்?" (சாப்பிட்டாச்சா) என்று மலாயில் கேட்பார். சாப்பிட்டுவிட்டேன் என்றுதான் தினமும் சொல்கிறேன்.

ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் எல்லாம் நம் ஊர் மாதிரிதான் என்று பெரியப்பா சொல்வாரே, அது பாதிதான் சரி. தமிழும் மலாயும் இங்கே செல்லும். வேலை பழகச் சிரமமே இல்லை. இங்கே நம்மவர்கள் கூடும் தேக்காவில் பழக்கமான திருச்சிக்காரருக்குக் கட்டுமானம், கப்பல் பட்டறை என்று சில துறைகள்தான் பெரும்பாலும் கிடைக்கும். மலேசியர் என்பதால் நமக்கு எல்லாத் துறையும் திறந்திருக்கிறது. ஆனால் வேலை பெர்மிட் கம்பெனியோடு கட்டியது. என் தலைக்கு மாதாமாதம் அவர்கள் அரசாங்கத்துக்கு லெவி என்ற கட்டணம் கட்டுகிறார்கள். உள்ளூர் ஆட்கள் எத்தனை பேரோ, அதற்குத் தக்கபடிதான் எங்களை எடுக்கலாம். வேலை போனால் பெர்மிட்டும் போச்சு. இதே ரூட் ஓட்டும் உள்ளூர்க்காரருக்கு சிபிஎஃப் என்ற இங்குள்ள சேமநிதி சேர்கிறது, எனக்கு இல்லை. நம் மலேசியச் சேமநிதியான இபிஎஃப்பில் நானாகப் போட்டால்தான் உண்டு. அடுத்த மாதத்திலிருந்து போடுகிறேன்.

ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது என்று தம்பி கணக்குப் போடுகிறானாம். பள்ளியில் எஸ்பிஎம் பரீட்சை முடித்ததும் இங்கே வரவேண்டுமாம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயரிங் படிப்பை முடித்துவிட்டு வரட்டும். கையில் தொழில் இருந்தால், நாளைக்குத் திரும்பி வந்தாலும் நம் ஊர் சுங்கை சிப்புட்டில் பிழைத்துக்கொள்வான். நான் அப்படி வரவில்லை. அதனால் சொல்கிறேன்.

நேற்று மழையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். நம் வீட்டுத் தகரத்தில் மழை விழும் சத்தம் நினைவுக்கு வந்து நெஞ்சு அடைத்துக்கொண்டது. அம்மா ஊற்றும் தேநீர் வாசம்கூட வந்த மாதிரி இருந்தது.

சரி, கூரை விஷயம். பின்கட்டுக்குத் தகரம் எத்தனை தேவை என்று அளந்து எழுதுங்கள். இந்த மாதம் அனுப்பியது குறைவுதான், சம்பளத் தேதி தள்ளிப்போனது, வேறொன்றுமில்லை. அப்பா சர்க்கரை மாத்திரையை நிறுத்தவேண்டாம். சின்னம்மா மகள் கல்யாணத் தேதி முடிவானதும் சொல்லுங்கள், லீவு முன்கூட்டியே கேட்கவேண்டும்.

உங்கள் மகன்