கோளாறு மேலே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் ஷேல் என்ற களிமண் பாறையிலிருந்து எடுக்கும் எரிவாயு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பென்சில்வேனியாவில் தண்ணீர்க் கிணறுகள் கெட்டதற்கு ஃப்ராக்கிங்கில், அதாவது நீரை அதிக அழுத்தத்தில் செலுத்திப் பாறையை உடைப்பதில், உண்டான விரிசல்கள் மேலே ஏறி வந்ததே காரணம் என்கிறது. கிணறுகள் கெட்டது உண்மை. வாயு வந்த வழிதான் பெரும்பாலும் அதுவல்ல. வழியைத் தப்பாகச் சொன்னால், எந்த விதியைக் குறை சொல்வது என்பதும் தப்பிப்போகிறது.

அங்கே வாயு தரும் ஷேல் அடுக்கான மார்செல்லஸ் பாறை, எரிவாயு எடுக்கும் இடங்களில் பெரும்பாலும் 5,000 முதல் 8,000 அடி ஆழத்தில் கிடக்கிறது. வீட்டுக் கிணறுகளோ சில நூறு அடிதான். நடுவில் ஏறக்குறைய ஒரு மைல் பாறை. அந்த நடுப்பாறையில் ‘மேல் டெவோனியன்’ என்று அழைக்கப்படும் பழங்கால அடுக்குகள் பலவற்றிலும் கொஞ்சம் வாயு உண்டு. மார்செல்லஸுக்கு இறங்கும் துளை இவற்றையும் குத்திக்கொண்டுதான் போகிறது. துளைச் சுவருக்கும் அதனுள் இறக்கும் இரும்புக் கேசிங் குழாய்க்கும் இடையிலுள்ள வளைய இடைவெளியைச் சிமென்ட் முழுதாக அடைக்காவிட்டால், இந்த மேல்வாயு அந்தச் சந்து வழியே நிலத்தடி நீருக்கு வந்துவிடும். இதற்கு ஃப்ராக்கிங் தொடங்கியிருக்கவே வேண்டியதில்லை, துளையிடும்போதே நடக்கலாம்.

சிமென்ட் ஏன் தவறுகிறது? குழாயை நடுவில் நிறுத்தும் சென்ட்ரலைசர்களைக் குறைத்துப் போட்டால் குழாய் ஒரு பக்கம் சாயும். குறுகிய பக்கத்தில் துளையிடும் சேறு வெளியேறாமல் தங்கி, சிமென்ட்டுக்குள் வாய்க்கால் மாதிரி ஒரு வழி விட்டுவிடும். இன்னொன்று நுட்பமானது. திரவமாக இருக்கும்வரை சிமென்ட் தன் எடையால் வாயுவை அழுத்திப் பிடித்திருக்கும். அது கூழாகத் தொடங்கியதும் அந்த அழுத்தம் கீழே இறங்காது, ஆனால் சிமென்ட் கெட்டிப்படவும் இல்லை. அந்தச் சில மணி நேரத்தில் வாயு உள்ளே புகுந்து குமிழித்தடம் போட்டுவிடும். தென்மேற்கு மாவட்டங்களில் பழைய நிலக்கரிச் சுரங்க வெற்றிடங்கள் வேறு, ஊற்றுகிற சிமென்ட்டை விழுங்கும்.

மாநில விதிகள் இதை அறியாதவை அல்ல. மேல்மட்டக் கேசிங், மிக ஆழமான நன்னீருக்குக் கீழே சுமார் 50 அடி அல்லது கெட்டிப்பாறைக்குள் 50 அடி, எது ஆழமோ அதுவரை இறங்க வேண்டும். அதன் அடி 300 அடியில் உள்ள சிமென்ட் 72 மணி நேரத்தில் 1,200 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு 1,200 பவுண்டு) வலு பெற வேண்டும். வாயு எடுத்துக்கொண்டிருக்கும் கிணறுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். சஸ்குவஹானா மாவட்டம் டைமக்கில் 2009 புத்தாண்டு அன்று, ஒரு வீட்டுக் கிணற்றில் தேங்கிய மீத்தேன் வெடித்து அதன் கான்கிரீட் மூடி சிதறிய பிறகு இந்த விதிகள் இறுகின. அங்கே 9 சதுர மைலில் புதிய துளையிடலை மாநிலம் நிறுத்தி வைத்தது.

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்ட பெரிய முரண் 2012ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டத்தில் இருக்கிறது. ஷேல் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள் உள்ள தண்ணீர்க் கிணறு, வேலை முடிந்து 12 மாதத்துக்குள் கெட்டால், கம்பெனிதான் காரணம் என்று சட்டமே ஊகித்துக்கொள்கிறது. அதே சட்டம் வீட்டிலிருந்தும் தண்ணீர்க் கிணற்றிலிருந்தும் 500 அடி தள்ளித் துளையிட்டால் போதும் என்கிறது. 2,500 அடிவரை ஆபத்து போகும் என்று ஒப்புக்கொண்டு, 500 அடியில் அனுமதி! 2020இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் வெளியிட்ட, கிராண்ட் ஜூரி என்ற குடிமக்கள் விசாரணைக் குழுவின் அறிக்கை இடைவெளியையே 2,500 அடியாக்கச் சொன்னது.

அந்த ஊகம் மக்களுக்கு உதவுவதும் நிபந்தனையோடுதான். துளையிடும் முன் தண்ணீரைச் சோதிக்கக் கம்பெனியை வீட்டுக்காரர் உள்ளே விடவில்லை என்றால், அதுவே கம்பெனிக்கு ஒரு எதிர்வாதம். “கம்பெனி ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்” என்று சொல்பவர்கள் தெரியாமல் கெடுக்கிறார்கள். விட்டு, கூடவே தாமும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து வைப்பதே புத்தி. நீரை மென்மையாக்கும் கருவிக்கு முன்னால் உள்ள குழாயில் பிடிக்க வேண்டும். மீத்தேன், ஈத்தேன், குளோரைடு, பேரியம், ஸ்ட்ரான்ஷியம் கட்டாயம் வேண்டும். ஈத்தேன் ஏன் என்றால், சதுப்பு வாயுவில் அது அநேகமாக இருக்காது. ஆழத்து வாயுவில் இருக்கும். மேல் அடுக்கு வாயுவா, மார்செல்லஸ் வாயுவா என்று பிரிக்கக் கார்பனின் சற்று கனமான வகையான கார்பன் 13இன் விகிதமும் பார்ப்பார்கள். டைமக் பக்கம் இயற்கையாகவே மீத்தேன் கசியும். அதே மாவட்டத்து சால்ட் ஸ்பிரிங்ஸ் பூங்காவின் ஊற்றில் வாயு குமிழிடுவதை யாரும் பார்க்கலாம். அதனால்தான் பழைய அளவு கையில் இல்லாத புகார் நிற்பதில்லை. புகார் வந்த 10 நாளில் மாநிலத் துறை விசாரிக்கத் தொடங்கி, 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

ஷேல் கிணறுகளின் கழிவுநீர் பற்றிக் கட்டுரை சொன்னது ஏறக்குறைய சரி. ஆனால் நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியே ஆற்றுக்குப் போனது 2011 மே மாதத்தோடு பெரும்பாலும் நின்றது. இன்று அதிகம் மறுபயன்பாடுதான். மிச்சத்தில் ஒரு பகுதி ஒஹாயோ மாநிலத்தில் கழிவுநீரை ஆழப் பாறைக்குள் செலுத்தும் கிணறுகளுக்குப் போகிறது.

வாயு தீர்ந்த கிணறுகளை மூடும் செலவை மட்டும் யாரும் பேசுவதில்லை. ஷேல் அல்லாத பழைய வகை எண்ணெய், எரிவாயுக் கிணறு ஒன்றுக்குக் கம்பெனி கட்டும் பிணைத்தொகை 2,500 டாலர். அதை ஒழுங்குமுறை வாரியம் உயர்த்த முடியாதபடி 2022இல் சட்டமன்றம் 10 ஆண்டுக்குக் கட்டிப்போட்டது. ஷேல் கிணறுகளுக்கோ, ஒரு கம்பெனி எத்தனை நூறு வைத்திருந்தாலும் மொத்த உச்சவரம்பு 6 லட்சம் டாலர். குழாயை அறுத்தெடுத்து அடியிலிருந்து சிமென்ட் அடைத்துக்கொண்டே வர, ஒரு கிணற்றுக்கே பல பத்தாயிரம் டாலர் ஆகும். 1859இல் டைட்டஸ்வில்லில் எண்ணெய்க்காகத் தோண்டத் தொடங்கிய மாநிலம் இது. கைவிட்ட கிணறுகளை என்ன செய்வது என்பது அதற்குப் புதிய கேள்வியும் அல்ல.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரை சொல்வதுபோல் ஃப்ராக்கிங்கைத் தடைசெய்தது பென்சில்வேனியா அல்ல. நியூயார்க் 2014 டிசம்பரில் தடையை அறிவித்து 2020இல் சட்டமாக்கியது; மேரிலாந்து 2017இல் தடைசெய்தது. அதே மேரிலாந்தின் கோவ் பாயின்ட் முனையத்தில்தான் மார்செல்லஸ் வாயு திரவமாகிக் கப்பல் ஏறுகிறது. அங்கே ஆண்டுக்கு 23 லட்சம் டன்னுக்கு 20 ஆண்டு ஒப்பந்தம் வைத்திருப்பது நம் கெயில் நிறுவனம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்