உக்கிராணச் சாவி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். மழைதான் இன்னும் காணோம். கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, முருங்கை காய்க்கிறது, வேறு விசேஷம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு "ஜெபம் பண்ணிட்டுச் செய்யம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "முப்பத்திரண்டு வருஷம் வாத்தியார் வேலை பார்த்த ஆளு, பிள்ளை ஒரு கேள்வி கேட்டா நேரா பதில் சொல்ல வராதா?" என்றாள். அவள் சொன்னது சரிதான். போனில் எனக்கு யோசனை ஓடாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கேள்வி இரண்டு. சம்பளம் கூடியிருக்கிறது, ஆண்டவருக்கென்று பத்தில் ஒன்று எடுத்து வைக்கிற தசமபாகத்தைப் பிடித்தம் போவதற்கு முந்தைய சம்பளத்தில் எடுக்கவா, கைக்கு வருவதில் எடுக்கவா? சித்தி மகனுக்குக் கட்டும் காலேஜ் ஃபீஸை அதில் கழித்துக்கொள்ளலாமா?

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வேலையில் இருந்த காலம் முழுக்கக் கைக்கு வந்ததில்தான் எடுத்தேன். பி.எஃப். பணம் ஓய்வு பெற்றபோது மொத்தமாக வந்தது, அதற்கு அப்போது எடுத்து வைத்தேன். ஆகவே மாப்பிள்ளை சொல்வதில் தப்பில்லை. நீ சொல்வதிலும் தப்பில்லை. இதற்காக இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் சண்டை போட வேண்டாம். வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை ஆண்டவர் என்ன சொன்னார் என்று மத்தேயு 23-இல் இருக்கிறது. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்துக் கணக்குப் பார்க்கிற வேலை அது. அதில் நாம் கெட்டிக்காரர்கள்.

எனக்கு வேறொன்று சொல்ல வேண்டும்.

பைபிளில் 'உக்கிராணக்காரன்' என்று வாசிக்கிறோமே, உன் வயதுப் பிள்ளைகளுக்கு அது ஏதோ பைபிளில் மட்டும் இருக்கிற வார்த்தை. எங்களுக்கு அது கல்யாண வீட்டு வார்த்தை. அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய் எல்லாம் இறக்கி வைக்கிற அறை உக்கிராணம். அதன் வாசலில் சாவியோடு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். சமையல் பார்க்கிற தவசுப்பிள்ளை வந்து கேட்கக் கேட்க எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. சொந்தக்காரர்களில் கை சுத்தமான ஆளாகப் பார்த்து உட்கார வைப்பார்கள்.

1983-இல் நம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்கு, அதுதான் ஊர் கூடிச் சாப்பிடுகிற விருந்துக்கு, என்னை உட்கார வைத்தார்கள். எனக்கு இருபத்தாறு வயசு. வேலை கிடைத்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. 'வாத்தியார்' என்று சாவியைக் கையில் கொடுத்ததும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. வீடு வீடாக வந்த அரிசி, யாரோ நேர்ந்துவிட்ட ஆடுகள், தோட்டத்துக்காரர்கள் வண்டியில் கொண்டுவந்து தட்டிய பூசணிக்காய், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். எனக்கு ஒரே பயம், கடைசியில் பத்தாமல் போய்விடக் கூடாது. தவசுப்பிள்ளை முப்பது கிலோ பருப்பு கேட்டால் இருபத்திரண்டு நிறுத்துக் கொடுத்தேன். தேங்காய் கேட்டால் "இத்தனை எதுக்கு?" என்றேன். அவர் இரண்டு தடவை முறைத்துப் பார்த்தார். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார்.

பந்தி பந்தியாக ஆள் வந்தது. தேரிக்காட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து வெயிலில் செம்மண் மணலில் நடந்து வந்தவர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்கார முடிந்தது. அவர்கள் இலைக்குப் போன சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. ஒரு கிழவி சோற்றைப் பிசைந்து பார்த்துவிட்டு ரசமே ஊற்றச் சொன்னாள். எல்லாம் முடிந்து உக்கிராணத்தைத் திறந்தால் உள்ளே அரை மூடை பருப்பு, நாற்பது தேங்காய், பிரிக்காத எண்ணெய் டின் ஒன்று. மிச்சம் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் நோட்டை எடுத்துக்கொண்டு பெரியவர் ஒருத்தரிடம் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவேயில்லை. மூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏலே, இது ஒங்கப்பன் வீட்டுப் பருப்பா?"

அவ்வளவுதான் சொன்னார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், எதுவும் இப்படி உட்கார்ந்ததில்லை. நான் ஒரு பிடி பருப்பைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கணக்கில் ஒரு பைசா பிசகில்லை. ஆனால் பசியோடு வந்தவனுக்கு உள்ளே சரக்கு இருந்தும் போய்ச் சேரவில்லை. திருடுகிற உக்கிராணக்காரனைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். பூட்டி வைக்கிறவனும் அதே வேலையைத்தான் கெடுக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

உனக்குச் சம்பளம் கூடியதும் எனக்கு அந்த அறைதான் ஞாபகத்துக்கு வந்தது. பத்தில் ஒன்றை நீ ஒழுங்காக எடுத்து வைப்பாய், அதில் எனக்குக் கவலையே கிடையாது. மற்ற ஒன்பதும் என்னுடையது என்று நினைத்துக்கொண்டு சாவியை முந்தானையில் முடிந்துவிடக் கூடாதே என்றுதான். மெத்தடிஸ்ட் சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த காலத்தில் வருமானம் 30 பவுண்டு, செலவு 28, மீதி 2-ஐக் கொடுத்தார் என்பார்கள். அடுத்த வருஷம் 60 வந்தது. அப்போதும் 28-இலேயே காலம் தள்ளிவிட்டு 32-ஐக் கொடுத்தார். அப்புறம் 90 வந்தது, 120 வந்தது, செலவு மட்டும் 28-ஐ விட்டு நகரவில்லை. உன்னை அப்படி இருக்கச் சொல்லவில்லை. அவருக்கு அப்போது பிள்ளையா, வீட்டுக் கடனா? ஆனால் சம்பளம் ஏறுகிறபோதெல்லாம் செலவும் கூடவே ஏறித்தான் ஆக வேண்டும் என்று எந்த வேதத்திலும் எழுதியிருக்கவில்லை என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். பெரிய கார் வாங்குவது பற்றி மாப்பிள்ளை பேசினார் என்று அம்மா சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவின் பிடி அரிசி உனக்கு ஞாபகம் இருக்கும். அடுப்பங்கரைப் பலகையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பாட்டிலில் போட்டுவிட்டுத்தான் களைவாள். சாப்பிட்டு மீந்ததிலிருந்து ஒரு நாளும் எடுத்ததில்லை. ரேஷன் அரிசி பொங்கின மாதம் ரேஷன் அரிசி, பொன்னி வாங்கின மாதம் பொன்னி. நாங்கள் என்ன தின்றோமோ அதுதான் ஆண்டவருக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் விழும். பச்சை, புழுங்கல், சன்னம், மோட்டா எல்லாம் கலந்து கிடக்கும். பொங்கினால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. அதனால் நல்ல விலை போகாது, இட்லிக்கோ கோழிக்கோதான் வாங்குவார்கள். அந்தக் காசுதான் மிஷனெரி ஊழியத்துக்குப் போகும்.

கோழித்தீவன விலைக்குப் போகிற அரிசியில் என்ன ஊழியம் நடக்கும் என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் இந்தப் பக்கத்து வரலாறு அந்தக் கிண்டலுக்கு இடம் கொடுக்கவில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் மற்றவர்களும் சேர்ந்து 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் பணம், நம் ஆட்கள், நம் நிர்வாகம் என்பது அவர்கள் வைத்த சட்டம். நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்கு இங்கிருந்து ஊழியர்களை அனுப்பினார்கள். 1912-இல் அசரியா அங்கேயே பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயர் ஆனது அதுதான் முதல் தடவை. அந்தச் சங்கத்துக்குக் கொடுத்தது யார்? பனையேறிப் பிழைத்த குடும்பங்கள் நிறைந்த சபைகள். பதநீர்க் காலம் முடிந்தால் அடுத்த வேளைக்கு யோசிக்கிறவர்கள். அடுத்தவன் தயவில் சபை நடத்த மாட்டோம் என்ற ரோஷமும் அதில் இருந்தது என்று எனக்குத் தோன்றும். ரோஷத்தோடு கொடுத்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான்.

ரோஷம் என்றதும் என் கதையையும் சொல்லிவிட வேண்டும். உனக்கு நாலு வயசு. ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருள்களை விடுகிற ஏலம். ஒரு சேவல் வந்தது. நூறு ரூபாய்க்கு மேல் பெறாது. என் பெரியப்பா மகன் இருநூறு என்றான். எனக்கும் அவனுக்கும் வரப்புத் தகராறு இருந்த சமயம். நான் முந்நூறு என்றேன். ஏலம் விடுகிறவருக்கு நாங்கள் இரண்டு பேரும் யாரென்று தெரியும், விடுவாரா? அறுநூற்றைம்பதில் சேவல் என் கைக்கு வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். மைக்கில் என் பேரைச் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தால் பால்காரம்மா நிற்கிறாள். அவளுக்கு இரண்டு மாதப் பால் பாக்கி, முந்நூற்று நாற்பது ரூபாய்.

"சார், சேவல் நல்ல எடை இருக்கும் போலிருக்கே" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிப் பாக்கியைக் கொடுத்தேன். அந்தச் சேவலை அம்மா அடிக்கவே விடவில்லை. இரண்டு வருஷம் கொல்லையில் நின்றது. அது கூவுகிறபோதெல்லாம், இயேசுவை மறுதலித்துவிட்டுச் சேவல் கூவியதும் அழுத பேதுருவின் நினைப்பு எனக்கு வந்துகொண்டிருந்தது. ஏலத்தைக் குறை சொல்லவில்லை. பூசணிக்காயை ஆயிரத்துக்கு எடுத்துவிட்டு மறுபடியும் ஏலத்துக்கே கொடுக்கிற நல்லவர்கள் இருக்கிறார்கள். நான் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இல்லை. அதனால் கேட்கிறேன், உன் வீட்டில் வேலை செய்கிற அக்காவுக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி போய்ச் சேருகிறதா? நீ லீவில் ஊருக்கு வருகிற பதினைந்து நாளுக்கும் சேர்த்துக் கொடுக்கிறாயா? கோயிலில் காணிக்கைக் கவர் போடுவது அதற்கு அப்புறம்.

டிவியில் 'விதை காணிக்கை' கேட்பவர்களைப் பற்றி நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ஆயிரம் போடு, நூறத்தனையாய் வரும் என்கிறார்கள். லாட்டரிச் சீட்டைத் தமிழ்நாட்டில் 2003-இலேயே நிறுத்திவிட்டார்கள் என்று அவர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை.

சித்தி மகன் விஷயம். நம்மைச் சேர்ந்தவர்களை விசாரியாமல் போனால் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் எழுதியிருக்கிறார். ஆண்டவருக்குக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசுவே கண்டித்திருக்கிறார். ஆகவே ஃபீஸ் கட்டு. அதைத் தசமபாகத்தில் கழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். முடிந்தால் ஒன்பதிலிருந்து எடு. முடியவில்லை, ஜூன் மாதம் இது அல்லது அது என்று வந்தால், ஃபீஸைக் கட்டு. சபைப் போதகர் ஐயர் கேட்டால் என்னிடம் அனுப்பு. எங்களுக்கு நீ அனுப்புவதையும் கழிக்காதே, அப்புறம் நானும் அம்மாவும் மாதாமாதம் உனக்கு ரசீது எழுத வேண்டியிருக்கும். ரசீது என்றதும் ஞாபகம் வருகிறது: புது வரித் திட்டத்துக்கு மாறிவிட்டேன், நன்கொடைக்கு 80ஜி வரிக் கழிவு கிடையாது என்று குறைப்பட்டாயே, அதிலும் ஒரு வசதி உண்டு. ரசீது கொடுக்கத் தெரியாதவர்களுக்கும் இனி நீ கொடுக்கலாம்.

பணத்தைக் காலேஜ் கணக்கிலேயே நேராகக் கட்டிவிடு, பையன் கையில் வேண்டாம். சித்தி வீட்டு விசேஷத்தில் இதைப் பற்றி உன் வாயிலிருந்தோ மாப்பிள்ளை வாயிலிருந்தோ ஒரு வார்த்தை வரக் கூடாது. மார்க் குறைந்தால் "நான் கட்டின பணம்" என்று தொடங்கிவிடாதே. நான் பாளையங்கோட்டையில் டிரெய்னிங் படித்தபோது இரண்டு தவணை ஃபீஸ் யாரோ கட்டிவிட்டார்கள். யாரென்று கிளார்க் கடைசிவரை சொல்லவில்லை. நம் கோயில் ஆளாகத்தான் இருக்க வேண்டும். அதனால் அந்தக் காலத்துப் பெரியவர்கள் யாரைக் கண்டாலும் நான் எழுந்து நின்றுவிடுவேன். ஒருத்தர்கூட "நான்தான்" என்றதில்லை.

சரி, நேரமாகிவிட்டது, கொசு கடிக்கிறது. கருப்பட்டி இரண்டு கிலோ பஸ்ஸில் போட்டு விடுகிறேன், எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்.

இந்த வருஷ அசனத்துக்கு உக்கிராணத்தில் மறுபடியும் என்னையே உட்காரச் சொல்கிறார்கள். முட்டி வலி, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. நீங்கள் வருவதாக இருந்தால் நான் நோட்டைப் பார்த்துக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு மூடை தூக்க வருமா என்று கேட்டுச் சொல்.

அன்புள்ள,
அப்பா